எல்லைக்கல்லுக்கு ஒரு மாப்பிள்ளை

இருவேலங்குப்பத்து எல்லைக்கல் முழுகாமல் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் தனபாக்கியம்தான் என்றாலும், அதை அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் அது புரட்டாசி மாதம், வீட்டில் மகள் எழிலரசிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஊரில் உள்ள கல்லுக்கெல்லாம் நாள் தள்ளிப்போனால் அதைக் கவனித்துக்கொண்டிருக்க இவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது.

கல் என்றால் சும்மா கல் இல்லை. இருவேலங்குப்பம் ஒரே ஒரு தெருவுள்ள ஊர். அந்தத் தெருவின் தெற்கு வரிசை ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரனுக்கும் வடக்கு வரிசை இங்கிலீஷ்காரனுக்கும் சொந்தமாக இருந்தது. நடுத்தெருவில் இடுப்புயரத்துக்கு இந்தக் கல், இந்தப் பக்கம் இவன் எழுத்து, அந்தப் பக்கம் அவன் எழுத்து. இவனும் போனான், அவனும் போனான், தெற்கு வரிசை புதுச்சேரியாகவும் வடக்கு வரிசை தமிழ்நாடாகவும் ஆகி, ரெண்டும் ஒரே தேசம் என்று ஆனபிறகு கல்லுக்கு வேலை போய்விட்டது. வேலை போன மனுஷனை ஊர் திரும்பிக்கூடப் பார்க்காது, ஆனால் வேலை போன கல்லை அப்படி விட்டுவிடுமா? எல்லையைக் காத்த கல் சாமி இல்லாமல் வேறென்ன என்று யாரோ ஒரு பொம்பளை ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசினாள், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொருத்தி குங்குமம் வைத்தாள், அதற்கடுத்து பால் வந்தது, நெய் வந்தது, சிவப்புப் பாவாடை வந்தது, எல்லையாத்தா என்று பேரும் வந்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் வருஷக்கணக்காகப் பாலும் நெய்யும் சாப்பிட்டால் யாருக்குத்தான் உடம்பு போடாது? அதனால் ஐப்பசியில் கல்லின் நடுப்பகுதி உருண்டு திரண்டு, பாவாடையின் முடிச்சு எட்டாமல் போனபோது, ஆம்பளைகள் எல்லாம் ஆத்தா சதை போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஃபுளோரா சைக்கிளை நிறுத்தி, காதில் குழாயை மாட்டிக் கல்லின் வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு நல்லா இருக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, நெறைய இருக்குது" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனாள். மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. பாலில் கரைத்து ஊற்றினார்கள்.

அதன் பிறகு ஊருக்கு இருந்தது ஒரே கேள்விதான். கல் எப்படிக் கருவுறும் என்பது இல்லை. அதெல்லாம் ஆத்தா இஷ்டம். யார் காரணம் என்பதுதான். கல்யாணம் ஆகாத கல். இத்தனை வருஷமாக நடுத்தெருவில் நின்றது, ஒரு சொல் கேட்டதில்லை. குட்டைக்கரைப் பிள்ளையார் மேல் சந்தேகப்பட்டவர்களை மற்றவர்கள் அதட்டினார்கள், அவர் பிரம்மச்சாரி. கடைசியில் தெருமுனையில் நெடுஞ்சாலையோரம் நிற்கிற மைல்கல் மேல் போய் எல்லார் கண்ணும் நின்றது. நல்ல உயரம், தலையில் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட், வருஷாவருஷம் புதுச்சட்டை போட்ட மாதிரி வெள்ளையடிப்பு.

"பச்சத் தலைன்னா ஸ்டேட் ரோடு. மஞ்சத் தலை, சென்ட்ரல் கவர்மெண்டு" என்றாள் தனபாக்கியத்தின் எதிர்வீட்டுப் பூங்காவனம், குற்றம் சொல்கிற குரலில் ஆரம்பித்து, பரவாயில்லை நல்ல இடம்தான் என்கிற குரலில் முடித்தாள்.

இந்தப் பூங்காவனம்தான் கார்த்திகையில் தனபாக்கியத்துக்குச் சம்மந்தி ஆனவள். அவள் மகன் குணாளனுக்கும் எழிலரசிக்கும் நிச்சயதார்த்தம் நடந்து, வைகாசியில் கல்யாணம் என்று தட்டு மாற்றினார்கள். பூங்காவனத்துக்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் இருக்கிறார் என்பதை ஊர் அடிக்கடி மறந்துவிடும். தனபாக்கியத்தின் வீட்டுக்காரர் ஆதிமூலத்தை யாரும் மறக்க முடியாது, அவர் மறக்க விடமாட்டார். பம்புசெட் மெக்கானிக். மோட்டாரைவிட சரித்திரத்தைப் பிரித்துப் போடுவதில்தான் அவருக்கு ஆசை, பிரித்ததைத் திருப்பி மாட்டுகிற பழக்கம் ரெண்டிலும் கிடையாது.

"அன்னிக்குக் கோடு போட வந்த தொர மட்டும் ரெண்டு கிளாஸ் கம்மியா குடிச்சிருந்தான்னு வச்சிக்க," என்று டீக்கடையில் ஆரம்பிப்பார், "கோடு நேரா ஏரிக்கரையோட போயிருக்கும். ஏரி நம்ம பக்கம். ஏரி நம்ம பக்கம்னா மீனு நமக்கு. வெள்ளக்காரன் போம்போது நாம யாரோடயும் சேராம தனியா நின்னிருந்தா, இன்னிக்கு இருவேலங்குப்பம் ஒரு நாடு. தபால்தலையில வெரால் மீனு..."

"தபால்தலையில இருக்கற மீனக் கொழம்பு வைக்க முடியாது, வூட்டுக்கு வாங்க" என்பாள் தனபாக்கியம் தெருவிலிருந்து.

மார்கழி பீடை மாதம் என்பதால் அதற்கு முந்தியே வளைகாப்பு வைத்தார்கள். தகப்பன் பேர் தெரியாத பிள்ளைக்கு வளைகாப்பா என்று ஓரிருவர் முகத்தைத் திருப்பினார்கள், ஆனால் எலுமிச்சை சாதமும் புளிசாதமும் தேங்காய் சாதமும் வந்து இறங்கியதும் திருப்பிய முகங்கள் திரும்பி வந்தன. கல்லுக்குக் கை இல்லாததால் கண்ணாடி வளையல்களை அதன் தலைவழியே போட முடியாமல், கழுத்தைச் சுற்றிக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். வடக்கு வரிசைப் பெண்கள் பச்சை, தெற்கு வரிசைப் பெண்கள் சிவப்பு. காற்று அடித்தால் தெரு முழுக்கச் சலசலத்தது.

தையில் ஒருநாள் விடிகாலை, வாசல் தெளிக்கச் சாணித் தண்ணீரோடு வந்த பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குட்டிக் கல் நிற்பதைப் பார்த்தார்கள். முழங்கால் உயரம், இன்னும் ஈரம் காயவில்லை, உடம்பெல்லாம் அம்மாவைப் போலக் கருங்கல், தலை மட்டும் மஞ்சள். பார்த்தவர்கள் யாரும் கத்தவில்லை. "அப்பன உரிச்சு வச்சிருக்குதுங்க" என்றார்கள், கல்லைச் சுற்றியும் சேர்த்துக் கோலம் போட்டார்கள். நடுத்தெருவில் எல்லையாத்தா வற்றிய வயிற்றோடு களைத்து நின்றாள். அவளுக்குப் பெருங்காயமும் பூண்டும் அரைத்துக் கொண்டுபோனது தனபாக்கியம்தான்.

எல்லைக்கல்லின் பிள்ளைக்கு வேறென்ன வேலை தெரியும்? நின்ற இடத்தில் எல்லை. ஆதிமூலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வாசல் கல்லுக்கு உள்பக்கம் நின்று, தெருவைப் பார்த்து, "கல்லுக்கு இந்தாண்ட நாடு, அந்தாண்ட அயல்நாடு" என்று சொன்னார். வாழ்நாள் முழுக்க நடக்காமல் போனவற்றையே பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வாசலில் வந்து நடந்துவிட்டது, கண் கலங்கிவிட்டார். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொல்லிவிட்டார்கள். தெற்கு வரிசையைப் பார்க்க ஒரு அதிகாரி வந்து, கல் பிறந்தது நடுத்தெருவில், அது வடக்குக்காரர்கள் விஷயம் என்று சொல்லிப் போனார். வடக்கு வரிசையைப் பார்க்க ஒரு அதிகாரி வந்து, கல் பிறந்தது நடுத்தெருவில், அது தெற்குக்காரர்கள் விஷயம் என்று சொல்லிப் போனார். தையல்காரர் ஒருவர் மட்டும் நமக்கெதற்கு நாடு என்று தன் கல்லைத் தூக்கிப்போய் ஏரியில் போட்டார். அவர் வீடு திரும்புவதற்குள் அது வாசலில் நனைந்து தும்மிக்கொண்டு நின்றது, அன்று முழுக்க அதற்குச் சுக்குக் கஷாயம் ஊற்ற வேண்டியிருந்தது.

மாசி பிறப்பதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. வீட்டுக்குள் நுழைகிறவன் கல்லுக்கு வெளியே நின்று இரும வேண்டும், உள்ளேயிருந்து வா என்றால் வரவேண்டும். ஒரு நாட்டுக் கோழி இன்னொரு நாட்டில் முட்டையிட்டால் முட்டை அந்த நாட்டுக்கு, கேறல் சத்தம் இந்த நாட்டுக்கு. மோர் விற்கிறவளும் கறிவேப்பிலை மரத்துக்காரியும் சேர்ந்து ஒன்றியம் அமைத்தார்கள். நீர்மோரில் யார் பேரை முதலில் சொல்வது என்கிற தகராறில் அந்த வாரமே பிரிந்து, முன்னைவிடப் பகையானார்கள். டீக்கடைக்காரர் தன் நாட்டில் அரசியல் பேசக்கூடாது என்று பலகை வைத்து, பலகையைப் பற்றியே எல்லாரும் பேசியதால் எடுத்துவிட்டார். ஆதிமூலம் ஜனாதிபதி ஆனார், ஆனால் ஜனாதிபதிதான் காலையில் பால் வாங்கப் போகவேண்டும், பால் வாங்கப் போனால் வழியில் எத்தனை கல்லோ அத்தனை இடத்திலும் நின்று இருமவேண்டும், வீடு வந்து சேரும்போது பால் திரிந்திருக்கும், ஜனாதிபதிக்கு இருமல் நிஜமாகவே வந்திருக்கும்.

ஆனால் ஒரு நாடு மட்டும் மற்ற நாடுகளைப் போல இல்லை. ஊருக்கெல்லாம் ஒரே அடிபம்பு, அது பூங்காவனம் வீட்டு வாசலில் இருந்தது, குட்டிக் கல் அந்த அடிபம்பைத் தாண்டி ஒரு சாண் முன்னால் வந்து நின்றுகொண்டது. அது வேண்டுமென்றே நின்றதா, தள்ளாடி நின்றதா என்பது தெரியாது. பூங்காவனம் வல்லரசு ஆகிவிட்டாள்.

தனபாக்கியத்துக்கும் நாடு பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அடுப்பங்கரையில் மாமியார் அதிகாரம், நாத்தனார் அதிகாரம், செத்துப்போன மாமனாரின் நாக்கு ருசியின் அதிகாரம். இப்போதுதான் பின்வாசல் முருங்கைமரத்திலிருந்து முன்வாசல் கல் வரைக்கும் தன் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஒரு இடம். காலையில் கல்லுக்கு எண்ணெய் தேய்த்து, கொஞ்சம் சாய்ந்து நின்றால், "நேரா நில்லு, நாடு கோணலாப் போவுது பாரு" என்று அதட்டிவிட்டுப் போவாள். ஆனால் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். அதைப் பேசத்தான் ஒருநாள் குடத்தோடு எதிர்வீட்டுக் கல்லுக்கு முன்னால் போய் நின்று இருமினாள்.

"என்னா சம்மந்தி, தண்ணிக்கா?" என்றாள் பூங்காவனம், அடிபம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

"தண்ணிக்குந்தான். பத்திரிக அடிக்கக் குடுக்கணுமில்ல, அதப் பேசலாம்னு."

"அப்ப பேசனது உள்ளூர் சம்மந்தம். இப்ப வெளிநாட்டுச் சம்மந்தமால்ல ஆயிப்போச்சி."

"பன்னண்டு அடி ரோடு. இதுல எங்க வெளிநாடு?"

"கல்லு நிக்குதே. ஆத்தா பெத்த கல்லு. நீயா நானா சொன்னம்?" பூங்காவனம் குரலைத் தாழ்த்தினாள். "நான் பொண்ணு வாணாம்னு சொல்லல. நக வாணாம், பாத்திரம் வாணாம். உங்க நாட்ட எங்க நாட்டோட சேத்துடுங்க. சீரா நெனச்சிக் குடுங்க. அப்புறம் எந்நேரமும் நீங்க தண்ணி அடிச்சிக்கலாம், ஒரு இருமல் கெடையாது."

"முருங்கமரம்?"

"அதுவும் நாட்டுலதான நிக்குது."

அந்த முருங்கைக்காயின் மேல் பூங்காவனத்துக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலிருந்தே ஒரு கண் என்பது ஊரறிந்த விஷயம். தனபாக்கியம் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடம் நிறைந்திருந்தால் எப்படி நடப்பாளோ அப்படி நிமிர்ந்து நடந்து தன் நாட்டுக்குத் திரும்பினாள்.

அன்று மாலை அவள் வீட்டில் பெரிய ரகளை. எழிலரசிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அம்மாவின் மகள்.

"குடுத்துட்டுப் போயேம்மா. ஒரு மரம், ஒரு அடுப்பு. அத வச்சிகினு நீ என்னா பண்ணப் போற?"

"இன்னிக்கு மரம்னுவா, நாளைக்கு உப்பு போடறதுக்கு உத்தரவு கேக்கச் சொல்லுவா. எனக்கு ஒண்ணு கெடச்சா ஒடனே அதத் தூக்கிக் குடுத்துடணும் இல்ல?"

"அப்ப நான்? வைகாசி தாண்டுனா அவங்க வேற எடம் பாப்பாங்களாம். குணாளனே சொன்னாரு."

"எங்க சொன்னான்? எப்ப சொன்னான்?"

எந்த எல்லையும் இல்லாத ஏரிக்கரையில் சொன்னான் என்பதை ஊகிக்க தனபாக்கியத்துக்கு இருமவேண்டிய அவசியம் இல்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். நாட்டைக் கொடுத்தால் மகளுக்குக் கல்யாணம், கொடுக்காவிட்டால் இல்லை. நாட்டுக்காக மகளை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தாள் என்று நாளைக்கு ஊர் பேசும், ஊர் பேசுவது இருக்கட்டும், இவள் கண்ணைப் பார்த்து எப்படிச் சோறு போடுவது.

ஆதிமூலம் இருமிக்கொண்டே, "ராஜா ராணி காலத்துலயே இது உண்டு" என்று ஆரம்பித்தார். "சண்ட போட்டு அழியாத கோடு கல்யாணத்துல அழிஞ்சிருக்குது. ஏன்னு கேளு. பொண்ணு எந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போவுதோ, எல்லையும் அவ பொடவையப் புடிச்சிகினு கூடவே போவும். அந்த மகாராணி மட்டும் அன்னிக்கு..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தனபாக்கியம். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் மறந்துபோய், வேறெதையோ சொன்னார். ஆனால் அவள் கேட்டது போதும்.

மறுநாள் காலையில் தனபாக்கியம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலைபாக்கு பழம் வைத்துக்கொண்டு, தன் வாசலில் நின்ற குட்டிக் கல்லை, "வா, ஒங்கப்பனப் பாக்கப் போலாம்" என்று சொல்லி இடுப்பில் தூக்கினாள். வேறெதற்குத் தூக்கினாலும் திரும்பி ஓடிவருகிற கல், இதைக் கேட்டதும் கனத்தைக் குறைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. தெருமுனைக்குப் போனாள். நெடுஞ்சாலையில் முனிரத்தினம் என்கிற ரோட்டு வேலைக்காரர் மைல்கல்லுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வூட்டுலேருந்து வந்திருக்கோம்" என்றாள் தனபாக்கியம்.

"எங்கூட்டுல ஆம்பளப் புள்ள கெடையாதும்மா. ரெண்டும் பொண்ணு."

"இவன வளத்தது நீதான?"

முனிரத்தினம் மைல்கல்லைப் பார்த்தார். வருஷாவருஷம் குளிப்பாட்டி, சட்டை போட்டு, தலைக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் நம்பர் எழுதினவர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இவனா? இவன் தங்கமான புள்ளம்மா. நின்ன எடத்த வுட்டு நவுர மாட்டான். லாரி ஏத்தினப்பகூட நவுரல."

தனபாக்கியம் குட்டிக் கல்லைக் கீழே இறக்கி மைல்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ரெண்டு தலையும் ஒரே மஞ்சள். முனிரத்தினம் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார், பெரிய தலையைப் பார்த்தார், சின்னத் தலையைப் பார்த்தார், சம்மந்திக்கு உட்கார இடம் இல்லையே என்று பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் துண்டால் துடைத்தார்.

"ஒரு வார்த்த," என்றார் தயக்கத்தோடு. "இவன் டூட்டியில இருக்கறவன். பொண்ணு வூட்டோட வந்து இருக்க முடியாது."

"யாரு கேட்டா? பொண்ணு இங்க வரும். அதான மொற."

பங்குனியில் முகூர்த்தம் குறித்தார்கள். தனபாக்கியம் வெற்றிலைபாக்கோடு நாடு நாடாகப் போய் இருமி அழைத்தாள். எல்லையாத்தாளுக்குக் கல்யாணம் என்றதும் ஊருக்கு உயிர் வந்தது. கோலம் போடுகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், பெண்ணுக்குப் புடவை எத்தனை கஜம் என்று சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் சண்டையை எல்லைக்கு அப்பால் நின்று போட முடியாமல் ஒருத்தர் நாட்டுக்குள் ஒருத்தர் இருமாமலே போய்வர ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தனபாக்கியம் போகவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு மங்கலக்குளியல் தண்ணீர் வேண்டும், தண்ணீர் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது, இருந்தும் போகவில்லை. வெற்றிலைபாக்குத் தட்டோடு எதிர்வீட்டு வாசலைக் கடந்து அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் வந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூங்காவனம் முதல் நாள் அடிபம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் துடைத்ததையே துடைத்தாள். பாட்டும் சிரிப்பும் தெரு முழுக்க. உலகத்தில் எந்த வல்லரசும் எதை வேண்டுமானாலும் தாங்கும். பக்கத்து வாசலில் கல்யாணம் நடந்து தன்னை வெற்றிலைபாக்கு வைத்து அழைக்காததைத் தாங்குமா? மூன்றாம் நாள் தன் கல்லைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாள்.

"ஏ தனபாக்கியம்! ஊருக்கெல்லாம் வச்ச, எனக்கு வைக்கல. நான் என்னா செத்துட்டனா? இல்ல, ஆத்தாளுக்கு நான் வேண்டாதவளா? வளகாப்புக்கு முதல் வளையல் போட்டது யாரு?"

"நீங்க வெளிநாடாச்சே சம்மந்தி. வருவீங்களோ மாட்டீங்களோன்னு..."

"நாக்க அடக்கு. நலங்கு மொதல்ல யாரு வைக்கறது?"

"வயசுல பெரியவங்க, நீங்கதான் வைக்கணும்" என்றாள் தனபாக்கியம், தயாராக வைத்திருந்த தட்டை நீட்டி. "ஆனா நலங்கு வைக்கறதுன்னா பொண்ணக் குளிப்பாட்டணும். தண்ணி இல்லாம நின்னுகினு இருக்கா."

அன்று அடிபம்பு ஓயவில்லை. பூங்காவனமே அடித்தாள்.

மைல்கல் நகராது என்பதால் தாலியைப் பந்தலுக்குக் கொண்டுவந்து பிள்ளை வீட்டார் சார்பில் முனிரத்தினம் கட்டினார், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். சாப்பாடு முடிந்தது. பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தபோது, எல்லையாத்தாளுக்குத் தாய் என்று யாரும் இல்லாததால் அந்த இடத்திலும் தனபாக்கியம்தான் நின்றாள். கல்லின் காதோரம் என்று தோன்றிய இடத்தில் குனிந்தாள்.

"பொறந்த எடத்துலயே நின்னுக்கலாம்னு நெனைக்காத. அவன் நல்லவனாத்தான் தெரியறான், பேச மாட்டான், அது ஒண்ணே போதும். லாரிப் பொக வரும், மூஞ்சத் தொடச்சிக்க. யாருனா எதுனா சொன்னா மனசுல வச்சிக்காத, திருப்பிச் சொல்லிடு. புள்ளைங்கள இங்க வுட்டுட்டுப் போற வேல வாணாம், எல்லாத்தையும் கூட்டிகினு போ." அவள் குரல் கொஞ்சம் கரகரத்தது. வெற்றிலை சுண்ணாம்பு அதிகம் என்றாள்.

விடிந்தபோது ஊரில் ஒரு கல்கூட இல்லை. ஒவ்வொரு வாசலிலும் பால்பல் விழுந்த மாதிரி ஒரு குழி. நெடுஞ்சாலையோரத்தில் மைல்கல்லுக்கு இடப்பக்கம் எல்லையாத்தா, அப்புறம் பிள்ளைகள் எல்லாம் உயர வரிசைப்படி. பஸ்ஸில் போனவர்கள் இந்த இடத்தில் மட்டும் கிலோமீட்டர் ஏன் இப்படி நெருக்கி நெருக்கி வருகிறது என்று கண்டக்டரிடம் சண்டை போட்டார்கள். ஆதிமூலம் வாசல் குழியை மூட மனசில்லாமல் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு டீக்கடைக்குப் போய், "அன்னிக்கு மட்டும் அந்தக் கல்யாணம் நடக்காம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

பூங்காவனம் பழையபடி வீடு ஆனாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தாலும், நலங்கு வைத்த கை என்கிற பெருமை அதை ஈடுகட்டியது. வைகாசியில் எழிலரசிக்கும் குணாளனுக்கும் கல்யாணம், ஒரு சாண் மண் கொடுக்காமல். தனபாக்கியம் ஜெயித்தாள். ஜெயித்தவள், மகளை எதிர்வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். சொல்லவேண்டியதையெல்லாம் அந்தக் கல்லிடம் சொல்லித் தீர்த்திருந்தாள். "வேளைக்குச் சாப்டுடி" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

பன்னிரண்டு அடி ரோடு. கல் இல்லை, இருமல் இல்லை. எழிலரசி அடிபம்பில் தண்ணீர் அடிப்பது தெரியும், துணி காயப்போடுவது தெரியும், மாமியார் கூப்பிட்டதும் பாதிச் சிரிப்போடு உள்ளே ஓடுவது தெரியும். வருவதுதான் இல்லை. வேலை இருக்கிறதாம். இந்த வீட்டில் முருங்கைமரத்திலிருந்து வாசல் வரைக்கும் தனபாக்கியத்தின் சொல்லுக்கு மறுசொல் சொல்ல இப்போது நிஜமாகவே யாரும் இல்லை. அவள் குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டாள், ஜனாதிபதி பதவி போன ஆதிமூலம் பேசாமல் சாப்பிட்டார்.

ஆனி கடைசியில் தனபாக்கியம் தட்டோடு எதிர்வீட்டுக்குப் போனாள். "ஆடிக்குப் பொண்ண அழைச்சிகினு போலாம்னு."

பூங்காவனம் சிரித்தாள். "எதுக்க இருக்கற வூட்டுக்கு ஆடி அழைப்பா? கூப்பிடற தூரம். காலையில வந்துட்டுச் சாயந்தரம் வரட்டும். மாவு அரைக்க ஆள் வேணுமில்ல."

தனபாக்கியம் தட்டோடு தன் வீட்டுக்குத் திரும்பினாள். கூப்பிடு தூரம் என்பது உண்மைதானே.

ஆடி முதல் நாள் காலையில் எழிலரசி அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ரோட்டைத் தாண்டி வந்தாள். வந்து அரைமணி நேரம் ஆகியிருக்காது. தெருவில் சலசலவென்று கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. எல்லையாத்தா நடுத்தெருவில் தன் பழைய இடத்தில் நின்றாள், புதுப்புடவை, கழுத்தில் தாலி, உடம்பெல்லாம் லாரிப் புழுதி. குட்டிக் கற்கள் ஆளுக்கொரு வாசலில், ஒரு விரல் உயரம் கூடி. கல்யாணமான முதல் வருஷம், ஆடி மாதம், புதுப்பெண் வேறெங்கே போவாள்? ஊர் எந்த ஆச்சரியமும் படாமல் ஆடிக்கூழ் ஊற்ற ஓடியது. எதிர்வீட்டுக் கல் அடிபம்பைத் தாண்டி நிற்காமல், இந்த முறை பூங்காவனத்தின் வாசற்படியை ஒட்டி நின்றதை மட்டும் எல்லாரும் கவனித்தார்கள்.

பூங்காவனம் படிக்கு உள்ளே நின்று கத்தினாள். "எழிலு! மாவு அரைக்கணும், வா!"

"எல்ல நிக்குதே சம்மந்தி" என்று தனபாக்கியம் கத்தினாள். "ஆத்தா பெத்த கல்லு. நீயா நானா சொன்னம்?"

அந்த ஆடி முழுக்கத் தனபாக்கியத்தின் நாட்டில் ரெண்டு பேர் குரல் ஓயாமல் கேட்டது. உப்பு அதிகம் என்று ஒருத்தி, நாக்கு நீளம் என்று ஒருத்தி. ஆதிமூலம் வெளியுறவு விஷயமாக டீக்கடையிலேயே இருந்தார், குணாளன் ஏரிக்கரையில் காத்திருந்தான்.

ஆவணி பிறந்த காலையில் எழிலரசி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அம்மா நடுத்தெருவில் எல்லையாத்தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மோர்க்குடம். தலையைத் துடைத்துவிட்டு, புடவையை நேராக்கிவிட்டு, அதட்டுகிற குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னா அவசரம் ஒனக்கு? அவன் எங்க ஓடிடப் போறான், நின்ன எடத்துலதான் நிப்பான். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுதான் போயேன்."

கல் அசையவில்லை. எழிலரசி பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, எதிர்வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"அத்தே, எல்ல இன்னும் தொறக்கலியாம்."